முகாமில் 248, லேபில் 139: எந்த மெஷின் பொய் சொன்னது?

கேள்வி: எங்களுடையது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். இளைஞர் மன்றம் சார்பில் போன வருடம் இலவச சுகர் முகாம் நடத்தினோம். காலை பத்து மணிக்குத் தொடங்கி, வரிசையில் நின்றவர்களுக்கு டீயும் வாழைப்பழமும் கொடுத்து, 160 பேருக்கு குளுக்கோமீட்டரில் பார்த்தோம். என் அத்தைக்கு 248 காட்டியது. பயந்துபோய் மறுநாள் வெறும் வயிற்றில் டவுன் லேபில் எடுத்துப் பார்த்தார். 139 தான். '140-க்குள்ளதான இருக்கு, ஒண்ணுமில்ல' என்று விட்டுவிட்டார். 'மன்றத்து மெஷின் டூப்பு' என்று ஊருக்குள் பேச்சு வந்ததுதான் மிச்சம். இந்த வருடம் 200 பேருக்கு நடத்தத் திட்டம். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. தப்பில்லாமல் காட்டும் மெஷின் எது? ரத்தசோகை பார்க்கும் கருவி, டெங்கு, டைபாய்டு, டிபி கார்டு டெஸ்டுகளையும் சேர்த்து வாங்கலாமா?

பதில்: முகாமைப் பிறகு பார்ப்போம். முதலில் அத்தையை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 139 இயல்பான அளவு இல்லை. 140 என்ற கோடு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதற்கு உரியது. வெறும் வயிற்றுக்குக் கோடு வேறு: 100-க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை சர்க்கரை நோயின் முன்நிலை, 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சந்தேகித்தாக வேண்டும். நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முத்திரை குத்த மாட்டார்கள். இன்னொரு நாள் வெறும் வயிற்றில் மறுபடி எடுப்பார்கள், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்ப்பார்கள், அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உறுதி. அந்த இரண்டாவது பரிசோதனை ஒரு வருடமாக நடக்கவே இல்லை. இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

ஆக, முகாம் மெஷினும் லேபும் சண்டை போடவில்லை. இரண்டும் சொன்னது ஒன்றையேதான். எண்கள் ஏன் அவ்வளவு விலகின என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: டீயும் வாழைப்பழமும்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தமும் இரவு முழுக்கப் பட்டினி கிடந்து எடுத்த ரத்தமும் ஒன்றாக இருக்காது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு அந்த இடைவெளி நூறைத் தாண்டுவது சாதாரணம். இதோடு விரல் ரத்தத்துக்கும் கையில் ஊசி போட்டு எடுக்கும் சிரை ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு, விரல் நுனிக்கு வரும் ரத்தத்திலிருந்து தசைகள் இன்னும் சர்க்கரையை எடுத்திருக்காது. அதனால் அதில் 20, 30 மில்லிகிராம், சில சமயம் அதற்கும் மேலே அதிகமாகக் காட்டும். இது கருவியின் கோளாறு இல்லை, உடம்பின் இயல்பு.

மூன்றாவது காரணம்தான் முகாம் நடத்துபவர்கள் கவனிக்காமல் விடுவது. கணக்குப் போட்டே பார்ப்போம். சர்க்கரை அளவு 100 என்றால் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ். அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு மைக்ரோகிராம். விரலில் எழும் சின்னத் துளி ஐந்து மைக்ரோலிட்டர் என்று வைத்தால் அதில் இருப்பது மொத்தமே ஐந்து மைக்ரோகிராம் குளுக்கோஸ், ஒரு கிராமில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பழம் உரித்த விரலில் அதே அளவு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் போதும், 100 இருப்பவருக்கு 200 காட்டும். கண்ணுக்குத் தெரியாது, பிசுபிசுப்புகூட இருக்காது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தாலும் முழுதாகப் போகாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. (டீயில் போடும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ், அதை மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் நேரடியாகப் படிக்காது. பழச் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவே இருப்பதால் வாழைப்பழம்தான் இங்கே வில்லன்.)

லேப் சொல்வது மட்டும் வேதவாக்கா என்றால் அதுவும் இல்லை. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட, சோடியம் ஃப்ளூரைடு உள்ள குழாய். அந்த ஃப்ளூரைடும் உடனே வேலை செய்யாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இழப்பு தொடரும், பிறகுதான் நிற்கும். சாதாரணக் குழாயில் எடுத்து, மூன்று மணி நேரம் கலெக்ஷன் சென்டரில் கிடந்து, பஸ் ஏறிப் போன ரத்தம் என்றால் 139 காட்டிய அத்தைக்கு உண்மையில் 160-க்கு மேல்கூட இருந்திருக்கலாம். அடுத்த முறை எடுக்கும்போது குழாயின் மூடி நிறத்தைப் பாருங்கள், அங்கேயே அரை மணி நேரத்துக்குள் ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள்.

இனி 'தப்பில்லாமல் காட்டும் மெஷின்'. அப்படி ஒன்று கிடையாது. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197, 2013 பதிப்பு. அது கேட்பது இவ்வளவுதான்: நூறு முடிவுகளில் 95 ஆவது, ஆய்வக அளவு 100-க்குக் கீழே இருந்தால் கூடக் குறைய 15 மில்லிகிராமுக்குள்ளும், 100-ம் அதற்கு மேலும் இருந்தால் கூடக் குறைய 15 சதவீதத்துக்குள்ளும் வர வேண்டும். அத்தையின் 139-ஐ அதே நிமிடம் குளுக்கோமீட்டர் 119 என்று காட்டினாலும் 159 என்று காட்டினாலும் மெஷின் தேர்வில் பாஸ்தான். உண்மையான 126, மெஷினில் 108 ஆகவும் வரலாம், 144 ஆகவும் வரலாம். இதனால்தான் குளுக்கோமீட்டரை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறோம். ஏற்கெனவே நோய் உள்ளவர் ஏற்ற இறக்கம் பார்க்கவும், யாரை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கவும் அது அருமையான கருவி. உங்கள் முகாமுக்குத் தேவை இரண்டாவது வேலை மட்டும்.

வாங்கும்போது பெட்டியில் இந்த ஐஎஸ்ஓ எண்ணும் 2013 என்ற வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்ட்ரிப்போடு வரும் மடித்த காகிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, ஆனால் விலைச்சீட்டைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று புரிய ஸ்ட்ரிப்புக்குள் நடப்பது தெரிய வேண்டும்.

அந்தப் பிளாஸ்டிக் துண்டின் நுனியில் முடியளவு வாய்க்கால் ஒன்று இருக்கிறது. ரத்தத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அரை முதல் ஒரு மைக்ரோலிட்டர் போதும். உள்ளே கார்பனிலோ தங்கம், பல்லேடியம் போன்ற உலோகத்திலோ அச்சிட்ட மின்முனைகள். அவற்றின் மேல் காய்ந்த நிலையில் ஒரு நொதி, எலக்ட்ரானைக் கடத்தும் ஒரு வேதிப்பொருள். ரத்தம் பட்டதும் நொதி குளுக்கோஸைச் சிதைத்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. கடத்தி அதை மின்முனைக்குக் கொடுக்கிறது. ஐந்து நொடியில் மெஷின் அளப்பது அந்த மின்னோட்டத்தைத்தான். அதாவது ஆய்வகம் முழுக்க ஸ்ட்ரிப்பில்தான் இருக்கிறது. மெஷின் வெறும் மீட்டர். முகாம்களில் மெஷினுக்கு உறை தைத்துப் பத்திரமாக வைப்பார்கள், ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த வாயோடு வெயிலில் விடுவார்கள்.

நொதியில் இரண்டு வகை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்றால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் குறுக்கிடும். ஆக்சிஜன் வைத்திருப்பவருக்குக் குறைத்துக் காட்டக்கூடும். குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலேயே பிக்யூக்யூ என்ற துணைப்பொருள் சேர்ந்த பழைய ரகம் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். வயிற்று வழி டயாலிசிஸில், உடம்பில் மால்டோஸாக உடையும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் ஏற்றுபவர்கள் போன்றோருக்கு இப்படிப் பொய்யாக உயர்ந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டு உயிரிழப்பு நேர்ந்ததாக 1997 முதல் 2009 வரை 13 தகவல்கள் வந்தன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல் எச்சரித்தது. காகிதத்தில் துணைப்பொருள் 'எஃப்ஏடி' வகை என்று இருந்தால் மால்டோஸ் கவலை இல்லை, வாங்கலாம்.

அடுத்து ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எல்லையைப் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணு குறைவாக இருந்தால் குளுக்கோஸ் மின்முனையை எளிதாக எட்டும், மெஷின் கூட்டிக் காட்டும். சிவப்பணு அதிகம் என்றால் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 7 கிராம் உள்ள ஒருவருக்கு ஹெமட்டோக்ரிட் 21 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஸ்ட்ரிப்பின் எல்லை 30-லிருந்து தொடங்கினால் அவருக்கு வரும் எண்ணை நம்ப முடியாது. நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். 20 முதல் 60 வரை தாங்கும் ஸ்ட்ரிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மற்றபடி பிராண்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே மாடலில் மூன்று மெஷின், 50 ஸ்ட்ரிப் கொண்ட டப்பா ஐந்து. டப்பாக்கள் எல்லாம் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணாக இருக்கட்டும். டப்பாவில் உள்ள 'கோட்' (code) எண்ணை மெஷினில் போட வேண்டிய மாடல் என்றால் லாட் மாறும்போது அதையும் மாற்ற மறந்து தவறு வரும். 200 பேருக்கு 250 ஸ்ட்ரிப் என்பது கூடுதல் இல்லை, பாதித் துளி உறிஞ்சி 'எரர்' வருவது, மறுபடி பார்ப்பது, கண்ட்ரோல் (அளவு தெரிந்த திரவத்தால் மெஷினைச் சோதிப்பது) பார்ப்பது எல்லாம் அதில்தான். கண்ட்ரோல் திரவம் ஒரு பாட்டில் கேட்டு வாங்குங்கள். மெடிக்கலில் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள், முன்பே சொல்லி வைத்தால் வரும். பேனா மாதிரி குத்தும் கருவி வேண்டவே வேண்டாம். ஊசியை மாற்றினாலும் அதன் மூடியில் ஒட்டும் ரத்தம் வழியாக மஞ்சள் காமாலை பி வைரஸ் பரவும். ஒரு தடவை குத்தினதும் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு லான்செட் (குத்தூசி) 300 வாங்குங்கள்.

இதெல்லாம் சேர்த்து உங்கள் பணத்தில் பாதிகூடச் செலவாகாது. மீதியில் மேல்கையில் சுற்றும் பி.பி. கருவி இரண்டு வாங்கலாம். பாக்கி முழுவதையும், சுகர் கூடுதலாக வருபவர்களுக்குச் சிரை ரத்தத்தில் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். போன வருடம் உங்கள் முகாமில் இல்லாமல் போனது அதுதான்.

முகாம் நாளுக்கு வருவோம். ஸ்ட்ரிப்பை 4 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். மெஷின் பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு ஐம்பதைத் தாண்டும், பைக் சீட்டுக்கு அடியிலும் நிலைமை அதேதான். நொதி ஒரு புரதம். சூட்டில் செத்தால் திரும்பி வராது. தெர்மகோல் பெட்டியில் ஐஸ் இல்லாமல் கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொரு தப்பு. குளிர்ந்த டப்பாவைத் திறந்த நொடியில் காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பின் மேல் படியும். டப்பாவின் மூடிக்குள்ளோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரிப் எடுத்ததும் 'டப்' என்று மூட வேண்டும். பத்து ஸ்ட்ரிப்பை எடுத்துத் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு வேகமாகப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

ஆள் வருவதற்கு முன் மூன்று மெஷினிலும் கண்ட்ரோல் பாருங்கள். பாட்டிலை மெதுவாகக் குலுக்கி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாவதைச் சுத்தமான மூடியின் மேல் விட்டு, அதில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொடவைக்க வேண்டும். பாட்டில் முனையை நேரே ஸ்ட்ரிப்பில் வைத்தால் பாட்டில் திரவம் கெடும். வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால் அந்த மெஷினும் அந்த டப்பாவும் சரி. புது டப்பா திறக்கும்போதும், மெஷின் கீழே விழுந்தாலும், மதியம் சூடு ஏறின பிறகும் மறுபடி பாருங்கள். திறந்த கண்ட்ரோல் பாட்டில் பொதுவாக மூன்று மாதம்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பெயர் பதிவு, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார் என்ற நேரம், சோப்புப் போட்டுக் கை கழுவுதல், துடைக்கக் காகிதத் துண்டு (எல்லோருக்கும் ஒரே துண்டு கூடாது), ஐந்து நிமிடம் உட்கார்ந்து பி.பி., அப்புறம் விரல். டீ, பழம் எல்லாம் விரலில் குத்தின பிறகு, வெளியே போகிற வாசலில். முடிந்தால் முகாமைக் காலை ஆறரைக்கே தொடங்கி, எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள். விடிந்ததும் வயலுக்குக் கிளம்புகிற ஊரில் அது பத்து மணியைவிடத் தோதும்கூட. ஒன்று மட்டும் விளம்பரத்தில் சேர்க்க வேண்டும்: ஏற்கெனவே சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்து வர வேண்டாம்.

குத்துவது நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில். நுனியின் நடுவில் நரம்பு அதிகம், வலி அதிகம். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக நீவினால் ரத்தம் வரும். நுனியைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் கெடும். ஸ்பிரிட் போட்டால் முழுதாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரம் இருந்தால் துளி உருண்டு நிற்காமல் தோலில் பரவிவிடும், ஸ்ட்ரிப்பால் ஒழுங்காக உறிஞ்ச முடியாது. கை கழுவியிருந்தால் முதல் துளியே போதும். கழுவ வழியே இல்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஸ்ட்ரிப்பைத் துளியின் ஓரத்தில் தொட வைத்தால் அதுவாக இழுத்துக்கொள்ளும். மேலே தடவக் கூடாது, பாதி நிறைந்த ஸ்ட்ரிப்பில் இரண்டாவது துளியைச் சேர்க்கவும் கூடாது. 250-க்கு மேலோ 70-க்குக் கீழோ வந்தால், யாரையும் பயமுறுத்தும் முன், மறுபடி கை கழுவச் சொல்லி வேறு விரலில் ஒரு தடவை பாருங்கள். அத்தையின் 248 இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான், ஆனாலும் அவருக்கும் இதைச் செய்திருந்தால் அதில் எவ்வளவு விரலில் ஒட்டிய பழத்தின் பங்கு என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

ரத்தசோகைக் கருவி வாங்க வேண்டாம், இரவல் கேளுங்கள். 2018-ல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் டிஜிட்டல் ஹீமோகுளோபினோமீட்டர் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிராம சுகாதார செவிலியரே எடுத்து வந்து பார்த்துத் தருவார். குவெட் என்கிற சின்னப் பிளாஸ்டிக் சில்லுக்குள் சுமார் 10 மைக்ரோலிட்டர் ரத்தம் ஏறும், அதன் வழியே ஒளியைச் செலுத்தி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவி பார்க்கும். சுகர் ஸ்ட்ரிப்பைவிட இது துளிக்குத் துளி அதிகம் மாறும்; ஒரே விரலில் அடுத்தடுத்த துளிகளில் அரை கிராம், ஒரு கிராம் வித்தியாசம் வருவதைப் பார்க்கலாம். அதனால் ஒரே குத்தில் இரண்டையும் முடிக்க வேண்டுமானால் வரிசை இது: முதல் துளி சுகருக்கு, இரண்டாவதைத் துடைத்துவிடு, மூன்றாவது பெரிய துளி ஹீமோகுளோபினுக்கு. குவெட்டை ஒரே தடவையில் நிரப்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நடுவில் காற்றுக்குமிழ் தெரிந்தால் எறிந்துவிட வேண்டும். வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கும்போது திறந்த முனையைப் பஞ்சு தொட்டால் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குச் சிரை ரத்தத்தில் மறுபடி பார்ப்பதே சரி.

கார்டு டெஸ்டுகளை நான் அழுத்திச் சொல்கிறேன், வேண்டாம். டெங்கு கார்டு குப்பை என்று இதற்கு அர்த்தமில்லை. காய்ச்சலே இல்லாத கூட்டத்தில் அதைப் போடுவதுதான் தப்பு. உங்கள் 200 பேரில் ஒருவருக்கு உண்மையில் டெங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்டு நூறு ஆரோக்கியமானவர்களில் 95 பேருக்குச் சரியாக 'இல்லை' சொல்லும் நல்ல ரகம் என்றே வைப்போம். மீதி 199 பேரில் பத்துப் பேருக்குப் பொய்யாகக் கோடு விழும். பதினொரு வீட்டில் அழுகை, அதில் பத்து வீண். காய்ச்சல் உள்ளவரிடம் போட்டாலும் நாள் கணக்கு முக்கியம்: டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதம் முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகத் தெரியும், உடம்பு உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் நான்கைந்து நாள் போன பிறகே எழும். முதல் நாள் ஐஜிஎம் மட்டும் பார்த்து 'டெங்கு இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பினால் அதன் பலன் மோசமாக இருக்கும். உறுதிசெய்ய எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனைதான், அதற்கான அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன.

டைபாய்டு கார்டு இன்னும் பலவீனம். முன்பு வந்துபோன தொற்று, போட்ட தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கோடு காட்டக்கூடும், பிறகு தேவையில்லாத ஆன்டிபயாட்டிக். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர்தான் நம்பகமானது. டிபிக்கு ரத்தத்தில் பார்க்கும் கார்டை யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்புங்கள்: அந்த வகைப் பரிசோதனைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது, இந்திய அரசு 2012-ல் அவற்றைத் தடையே செய்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று வருபவரின் சளியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் தூக்கிப் போகக்கூடிய சின்னக் கருவி வந்துவிட்டது. கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட், சின்னச் சிப்பில் கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிறது, பேட்டரியில் ஓடும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு. 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. அரசு மையங்களில் இலவசம். உங்கள் முகாமில் செய்ய வேண்டியது சளி டப்பாவும் அனுப்புச்சீட்டும் கொடுப்பதுதான். தவறான கார்டைவிட அந்த டப்பா மேல்.

எண் வந்த பிறகு யாருக்கு என்ன சொல்வது என்பதை முகாமுக்கு முந்தைய நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். முகாமே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் மேற்பார்வையில் நடக்கட்டும். சீட்டில் அவர் கையெழுத்து இருந்தால்தான் அங்கே அடுத்த வேலை நடக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் 140-க்கு மேல் என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் களப் பரிசோதனையிலும் இதே கோடுதான். வெறும் வயிற்றில் வந்தவர் என்றால் 100-க்கு மேலேயே அனுப்புங்கள், ஏனென்றால் மெஷினின் 15 சதவீதம் இங்கே விளையாடும். 300-க்கு மேல், கூடவே வாந்தி, மூச்சுவாங்குதல், மயக்கம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. 'ஹை' என்று எழுத்து வந்தால் பல மாடல்களில் 600-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள், மெஷின் கெட்டதாக நினைத்து அடுத்த ஆளைக் கூப்பிடக் கூடாது. உடம்பில் நீர் வற்றிக் கை சில்லிட்டுக் கிடப்பவருக்கு விரல் ரத்தம் எந்த எண் காட்டினாலும் நம்பாதீர்கள்.

70-க்குக் கீழே வந்து, கை நடுங்கி வியர்த்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பதிவேட்டின் ஒரு பிரதி கிராம சுகாதார செவிலியரிடம் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பது அவர் வழியாகத்தான். அனுப்பின ஒவ்வொருவரும் போனாரா, லேபில் என்ன வந்தது என்று இரண்டு வாரத்துக்குள் மன்றத்துப் பையன் ஒருவர் போன் போட்டுக் கேட்டு அதே நோட்டில் எழுதட்டும். போன வருடத்து நோட்டு இருந்தால் அதிலும் 140-க்கு மேல் இருந்தவர்களை இப்போதே தேடிப் பிடியுங்கள். அத்தை ஒருவர் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

குத்தின லான்செட்டுகள் துளைபடாத வெள்ளை டப்பாவிலும், ரத்தம் பட்ட பஞ்சும் ஸ்ட்ரிப்பும் மஞ்சள் பையிலும் சேரட்டும். முகாம் முடிந்ததும் அவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைப்பதாக முன்பே பேசி வையுங்கள். பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டியில் விட்டு வராதீர்கள். மீந்த ஸ்ட்ரிப் டப்பா திறந்ததா திறக்காததா என்று பிரித்து, திறந்ததன் மேல் தேதி எழுதுங்கள். காகிதத்தில் எத்தனை மாதம் என்று இருக்கிறதோ அதற்குள், பெரும்பாலும் மூன்று மாதம், செவிலியரிடமே கொடுத்தால் அவர் தீர்த்துவிடுவார். அடுத்த வருட முகாமுக்கென்று அலமாரியில் வைத்தால் அது கெட்டுப்போன ஸ்ட்ரிப்தான்.